சூலப்பொறியும் பச்சைக்குறியும்

திருமயிலையிற் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் திருவுலாக் காண மாடவீதிகளில் மக்கள் திரள்வர். கைகுவித்து நிற்பாருடைய முன்கைகளையும் தோள்களையும் அந்நாளில் உற்று நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். ஆண்டு முதிர்ந்த தாய்மாரின் முன்கையிற் புள்ளியுங் கோடும் பின்னிய கோலம் பசுமை மங்கிக் கிடக்கும். அவர்தம் பெயரன்மார் தோளிலோ மூவிலைச் சூலமும், உடுக்கையும், திருவைந்தெழுத்தும் கருமை மாறாது விளங்கும். முன்னையது ஊர்தோறும் நடந்து வந்த குறத்தி ஊசி கொண்டு குத்தியது. பின்னையது தியாகராய நகரிலோ அடையாற்றிலோ உள்ள கூடமொன்றில் மின்பொறியால் எழுதியது. கருவியும் கூலியும் வேறாயினும் செயல் ஒன்றே. மெய்யின்கண் அழியாக் குறியொன்றை நோவு பொறுத்து ஏற்றுக்கொள்ளுதல் என்பதே அச்செயல்.

இதுபற்றிச் சைவ நன்மக்களிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. உடம்பைக் குத்திப் புண்படுத்துவது கல்லாதார் வழக்கமென்றும், இறைவன் திருக்குறிகளை அவ்வாறு பொறித்தல் தகாதென்றும் ஒரு சாரார் கூறுவர். திருநாவுக்கரசு சுவாமிகளே சூலப்பொறி வேண்டிப் பெற்றனராதலின், அது சைவர்க்கு உரிய நெறியேயாம் என மற்றொரு சாரார் கூறுவர். இவ்விரு கூற்றையும் எடுத்து ஆராயுமுன், மக்கள் எக்காலத்து எக்கருத்துப்பற்றி இக்குறிகளை ஏற்றனர் என்னும் வரலாற்றை அறிதல் இன்றியமையாதது. வரலாறு அறியாது கூறும் விதியும் விலக்கும் நிலைபெறா.

தொய்யிலும் பச்சையும்

பண்டைத் தமிழ்ப் பெண்டிர் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பு முதலியவற்றாற் கொடியுங் கரும்பும் எழுதிக்கொண்ட வழக்கம் சங்கச் செய்யுட்களிற் பலவிடத்தும் பேசப்படுகின்றது. அதற்குத் தொய்யில் என்பது பெயர். தலைவன் தன் கையாலே தலைவிக்குத் தொய்யில் எழுதுதலும் கலித்தொகை முதலிய நூல்களாற் பெறப்படும். ஆயினும் தொய்யில் நீராடின் அழியும், மீண்டும் எழுதப்படும். பச்சையோ எரியிற் புகுங்காறும் அழியாது. முன்னையது அழகு குறித்தது. பின்னையது நிலைபேறு குறித்தது. இவ்விரண்டனையும் ஒன்றென மயங்கற்க.

தமிழ்நாட்டிற் பச்சை குத்தும் முறையை விரிவாக எழுதி வைத்தோருள் ஒருவர், சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலைக்கு 1885 முதல் 1908 வரை தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் துரை ஆவர். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், பச்சை குத்துதலையே தொழிலாகக் கொண்டு ஊர் ஊராய்த் திரியும் குறவர்க்குப் பச்சைகுத்தி என்பது பெயரென அவர் குறித்துள்ளார். மை ஆக்கும் முறையும் ஆண்டே கூறப்பட்டுள்ளது. மஞ்சட்பொடியையும் அகத்திக்கீரையையும் சேர்த்தரைத்து மெல்லிய துணியிற் பூசித் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் வார்த்த அகலில் இட்டு ஏற்றுவர். அதன்மேற் புதுப்பானை யொன்றைக் கவிப்பர். பானையின் உட்புறத்துப் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். அதுவே மை. ஊசிகளை ஒருங்கு கட்டி அம்மையிற் றோய்த்துக் குத்தி முடித்தபின் தண்ணீரால் அலம்பி, வீக்கம் வாராதிருக்கவும் நிறம் எடுத்துக் காட்டவும் மஞ்சள் அரைத்துப் பூசுவர். குத்துங்கால் நோவு தோன்றாதிருக்கக் குறத்தி பாட்டும் பாடுவள். ஒரு புள்ளிக்கோ கோட்டிற்கோ காலணாவும், விரிந்த கோலத்திற்குப் பன்னிரண்டணா வரையும் அக்காலத்துக் கூலி. நாட்டுப்புறத்தில் அரிசி முதலியன கொடுப்பர்.

மை கரியதாகவும் குறி பசியதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. தோலின் மேற்படை நாடோறும் உதிர்ந்து புதுப்பித்துக்கொள்ளும் இயல்பினது. ஊசி தன் மையை அதன்கீழ்ப் படையிற் கொண்டு சேர்க்கின்றது. மேற்படையின் வழியாகக் காணப்படுதலின் கருமை பசுமை கலந்த நீலமாகத் தோன்றுகின்றது. கீழ்ப்படையிலுள்ள நுண்ணிய உயிரணுக்கள் மைத்துகளை விழுங்கித் தம்முள் வைத்துக்கொள்கின்றன. ஓர் அணு மாயும்பொழுது அது விடுத்த துகளை வேறோர் அணு ஏற்றுக்கொள்கின்றதெனப் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் 2018-இல் எலிகளின்பால் ஆய்ந்து வெளியிட்டனர். எனவே தாங்குவன மாறத் தாங்கப்படுவது மாறாது நிற்றலே பச்சையின் நிலைபேற்றுக்குக் காரணமாயிற்று.

இக்கோலங்களை அம்மகளிர் எவ்வாறு தேர்ந்தனர் என்பதும் நோக்கத்தக்கது. அவர் தேர்ந்தனர் என்பதினும், தாயும் பாட்டியும் கொண்டிருந்ததையே தாமும் கொண்டனர் என்பதே பொருந்தும். வாயிலில் இடும் கோலம், தாமரை, மீன், தேள், கிளி, கணவன் பெயர் என்பன வழிவழி வந்தவை. கண்ணேறு படாதிருக்க மோவாயிலும் கன்னத்திலும் ஒரு புள்ளி வைப்பதும் உண்டு. அணிகலம் வாங்க இயலாதார்க்கு அதுவே அணிகலமாயிற்று. பொன்னும் பொருளும் இறந்தார்பின் செல்லா. பச்சை ஒன்றே உடன்செல்லும் என்னும் நம்பிக்கையும் நாட்டுமக்களிடையே உண்டு. கள்வராற் கவரப்படாததும், கடனுக்கு ஈடு வைக்கப்படாததும், கணவனை இழந்த நாளிலும் பிறர் கழற்ற இயலாததுமாகிய ஓர் அணி அவர்க்கு அஃதொன்றே. வளையல் உடைக்கப்பட்ட கையிலும் கோலம் எஞ்சி நின்றது. இதனை எண்ணிப் பார்ப்பார் கல்லாதார் வழக்கமென்று இகழ ஒருப்படார்.

உடைமைக் குறி

அழகும் நிலைபேறும் ஒருபுறமிருக்க, மெய்யிற் பொறிக்கும் குறிக்கு மிகப் பழைய வேறொரு பொருளும் உண்டு. இஃது இன்னாருடையது என்று அறிவித்தலே அப்பொருள். சிவபெருமான் திருக்கோயிலுக்கு நிலம் விட்ட மன்னரும் பிறரும் அந்நிலத்தின் எல்லையிற் சூலம் பொறித்த கற்களை நட்டனர். திருமால் கோயில் நிலத்திற்குத் திருவாழிக்கல் நடப்பட்டது. அந்நிலம் இறையுடைமையாதலின் பிறர் அதன்கட் புகுந்து கொள்ளை கொள்ளலாகாது என்பதே அதன் கருத்து. கோயிலுக்கென விடுத்த காளைக்கும் சூலக்குறி இடுதல் மரபு. அக்குறியுடைய காளையை எவரும் ஏரிற் பூட்டார்.

மண்ணுக்கும் மாட்டுக்கும் உரிய இக்குறி மக்கள் மெய்யிலும் ஏறிற்று. முதற் குலோத்துங்க சோழன் (1070–1122) காலத்துக் கல்வெட்டொன்று திருக்காளத்தியில் உளது. அக்கோயிலுக்குரிய தேவரடியார் சிலர்க்கு அரண்மனை இலச்சினை இட்டு, அவரை அரண்மனைப் பணிக்கு உட்படுத்திவிட்டனர். இது முறையன்றென விண்ணப்பஞ் செய்யப்பட்டது. அரசன் இலச்சினையை அழித்து மீண்டும் சூலமே பொறிக்க ஆணை பிறந்தது. நாடாளும் வேந்தனின் உடைமையாதலினும் நாதன் உடைமையாதலே மேலெனக் கொள்ளப்பட்டமை இதனாற் புலனாம். ஆயினும் ஒன்று கருதற்பாலது. ஒரு குறியை அழிக்கவும் மற்றொன்றைப் பொறிக்கவும் அம்மகளிர் மெய்யே களமாயிற்று. அவருட் சூலத்தை விரும்பி ஏற்றார் எத்துணையர், வேண்டாது ஏற்றார் எத்துணையர் என்பதைக் கல் கூறவில்லை.

இவ்வழக்கத்தின் முடிவு சென்னையிலேயே நிகழ்ந்தது. பிற்காலத்தே கோயிலுக்குப் பெண்மக்களைப் பொட்டுக்கட்டி விடுதல் இளஞ்சிறுமியர் வாழ்வைக் கெடுக்கும் தீய வழக்கமாய்த் திரிந்தபோது, அதனை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டமன்றத்தில் அரும்பாடுபட்டனர். அத்தகைய சிறுமியர்க்குப் புகலிடமாக அவர் 1930-இல் தோற்றுவித்த ஔவை இல்லம் அடையாற்றில் உளது. பொட்டுக்கட்டுதலை விலக்கிய சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் நிறைவேறிற்று. தாமே வேண்டாத பெண்மகவின்மேல் இறைவன் பெயரால் இடப்படும் குறியும் அடையாளமும் தொண்டாகா என்பதை நாடு உணர்ந்த நாள் அது.

பிற நாடுகளிலும் இக்கருத்து உண்டு. கிறித்துவுக்கு முன் 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரடோட்டசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர், எகிப்து நாட்டில் நைலாற்றின் முகத்துவாரமொன்றில் இருந்த கோயிலைப்பற்றி எழுதியுள்ளார். யாரிடத்து அடிமையாயிருந்தவனும் அக்கோயிலை அடைந்து, தன்னைத் தெய்வத்துக்கு ஒப்படைத்துத் திருக்குறிகளை மெய்யில் ஏற்பானாயின், அவனை அவன் தலைவனும் தொடுதல் கூடாது என்பது ஆண்டு வழங்கிய முறை. இறைவனுக்கு அடிமையாதலே மனிதர்க்கு அடிமையாதலினின்றும் விடுதலையாயிற்று. நம் நாட்டு வைணவர் தோள்களிற் சங்கும் ஆழியும் சுட்டுப் பொறித்துக்கொள்ளுதலும் ஆட்பட்டமையைக் காட்டுதற்கே யாம். பெரியாழ்வாரும் திருவாழிப் பொறி ஏற்றமையைத் திருப்பல்லாண்டிற் குறித்துள்ளார்.

இதற்கு முற்றும் மாறானதோர் வழக்கமும் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆங்கிலக் கம்பெனியார் வங்காளத்தில் 1797-இலும் இம்மாகாணத்தில் 1802-இலும், வாழ்நாள் முழுதும் சிறையிடப்பட்டார் முதலியோருடைய நெற்றியிற் குற்றத்தின் பெயரைப் பச்சை குத்தும் தண்டனையை ஏற்படுத்தினர். 1849-இல் அது நீக்கப்பட்டது. திருநீறு விளங்குதற்குரிய நெற்றியிலே பழியின் பெயர் எழுதப்பட்டது. எழுதிய மை ஒன்றே; ஊசியும் ஒன்றே. பொறித்தவர் யார், ஏற்றவர் விரும்பி ஏற்றனரா என்னும் இரண்டே அக்குறியைப் பெருமையும் சிறுமையும் ஆக்கின. குறியின் பொருள் குறியின்கண் இல்லை யென்பது இவ்வரலாற்றால் நன்கு துணியப்படும்.

தூங்கானை மாடத்து நிகழ்ச்சி

இவ்வளவும் அறிந்தபின்னரே திருநாவுக்கரசர் பெற்ற சூலப்பொறியின் மாண்பு விளங்கும். 7-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த இதனைச் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டிற் பாடியருளினார். இஃது நிகழ்ந்த இடம், இக்காலத்துக் கடலூர் மாவட்டத்திலுள்ள பெண்ணாகடம். அவ்வூர்த் திருக்கோயிலின் விமானம் படுத்துறங்கும் யானையின் பின்புறம்போல அமைந்தமையாற் றூங்கானை மாடம் எனப் பெயர்பெற்றது.

நாவுக்கரசர் அங்கு எழுந்தருளியது எக்காலத்தென்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். சமண் சமயத்தில் தருமசேனராய்ச் சிறந்திருந்த அவரைச் சூலைநோய் பற்றிற்று. தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றால் திருவதிகையில் அது நீங்கிற்று. பின்னர்ப் பல்லவ மன்னன் நீற்றறையில் இடுவித்தான், நஞ்சு ஊட்டுவித்தான், யானையை ஏவினான், கல்லிற் கட்டிக் கடலில் வீழ்த்தினான். இவையனைத்தையும் திருவருளாற் கடந்து, திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறி, திருவதிகையை மீண்டும் வணங்கி, பல தலங்களையும் கும்பிட்டு வந்த பின்னரே அவர் தூங்கானை மாடத்தை அடைந்தார். அவர் அடியார் என்பதை அப்பொழுது உலகம் முழுதும் அறிந்திருந்தது. அரசனும் அறிந்திருந்தான். உலகிற்குக் காட்டுதற்கு ஓர் அடையாளம் அவர்க்கு வேண்டப்பட்டதன்று.

அங்ஙனமாக அவர் சூலப்பொறியை ஏன் வேண்டினார்? பிற சமயத்தில் நெடுநாள் இருந்த இவ்வுடம்பொடு உயிர்வாழ ஒருப்படேன். தேவரீர் திருவடிக்கு ஆட்பட்டமைக்கு அறிகுறியாகச் சூலத்தையும் இடபத்தையும் இதன்மேற் பொறித்தருளல் வேண்டும் என்பது அவரது விண்ணப்பத்தின் கருத்து. தம் உள்ளம் மீண்டதை அவர் அறிவார். உடம்பும் மீண்டது என்பதை உடையவனே சொல்லல் வேண்டுமென்று அவர் விழைந்தார். பழைய வாழ்வை மறைக்கவும் விரும்பாது, மறக்கவும் இயலாது வருந்தும் உள்ளத்தின் முறையீடு அது. பிழைபட்டு மீண்டார் எவரும் அதனைத் தம்முடையதாக உணர்வர்.

திருவருளால் ஒரு சிவபூதம் வந்து, அருகிருந்தார் ஒருவரும் அறியாவாறு, அவர் திருத்தோளிற் சூலப்பொறியையும் இடபப்பொறியையும் சாத்திற்று என்கின்றார் சேக்கிழார். ஒருவரும் அறியாவாறு என்றது கருதற்பாலது. குறி பிறர் காண இடப்பட்டதன்று. அது கொடுத்தானுக்கும் கொண்டார்க்கும் இடையதோர் உடன்படிக்கை. நாவுக்கரசர் தம் தோளைத் தாமே நோக்கி, உள்ளம் உருகிக் கண்ணீர் பெருக நிலத்தில் வீழ்ந்து பணிந்தனர்.

இன்னும் ஒரு நயம் ஈண்டு உண்டு. சூலை என்னும் நோய்ப்பெயரும் சூலம் என்னும் படைப்பெயரும் ஒரே வேரிற் பிறந்தவை. சூலத்தாற் குத்தினாற்போல வருத்துதலின் அந்நோய் அப்பெயர் பெற்றது. எனவே இறைவன் அவரை ஆட்கொண்ட தொடக்கத்திலேயே அகத்தே சூலம் பொறித்துவிட்டான். தூங்கானை மாடத்திற் பொறித்தது புறத்தது. அகத்துப் பொறி அவர் வேண்டாதே வந்தது, நோவாய் வந்தது. புறத்துப் பொறி அவர் வேண்ட வந்தது, நோவின்றி வந்தது. வருந்தியது முன்னர், குறி பெற்றது பின்னர். இவ்வரன்முறை மாறிக் குறி முன்னும் அன்பு பின்னுமாக எங்கும் கூறப்படவில்லை.

வேடமும் பச்சையும்

அப்பெண்ணாகடமே கலிக்கம்ப நாயனார் வாழ்ந்த பதியுமாம். அவர் மனையில் முன்னர் ஏவல் செய்து நீங்கிய ஒருவர் சிவனடியார் வேடத்துடன் அமுது செய்ய வந்தனர். நாயனார் அவர் திருவடி விளக்கப் புகுந்தபொழுது, பழைய ஏவலாளர் என்றெண்ணி மனைவியார் நீர் வார்க்கத் தயங்கினர். நாயனார் அவர் கையைத் துணித்துத் தாமே நீர் வார்த்துத் திருவடி விளக்கினர். அச்செயலின் கடுமை கேட்பாரை நடுங்கச் செய்வது. எனினும் அதன் உட்கிடை இது: மனைவியார் கண்டது அவ்வடியார்மேல் உலகம் இட்ட பழைய குறி, நாயனார் கண்டது இறைவன் இட்ட புதிய குறி. பழைய உடம்பைக் குறித்துத் தூங்கானை மாடத்தில் நாவுக்கரசர் கொண்ட வருத்தத்திற்கு அவ்வூரிலேயே கலிக்கம்பர் செயலால் விடை கிடைத்தது போலும். ஆட்பட்டபின் பழமை வினவப்படாது.

13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்டதேவரின் பிறப்போடு தொடர்புடைய பதியும் அதுவே. அவர் அருளிய சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுக என்று விதிக்கின்றது. இதனால் ஒரு வினா எழுகின்றது. திருவேடம் வழிபடத்தக்கதாயின், தோளிற் பச்சை குத்திய சூலமும் திருவேடமாகுமோ?

திருநீறும் கண்டிகையும் சடைமுடியும் திருவேடமெனச் சான்றோர் கொண்டனர். சமய தீக்கை, விசேட தீக்கை, நிருவாண தீக்கை என்னும் மூன்றனுள்ளும் மெய்யிற் குத்திப் பொறிக்கும் குறி இன்றியமையாத உறுப்பாகக் கூறப்படவில்லை. இதற்குக் காரணத்தை ஆராய்ந்து காண்டல் நலம். திருநீறு நீராடின் நீங்கும், வியர்வையாற் கலையும். ஆதலின் நாடோறும் காலையும் மாலையும் நினைந்து அணியப்படுகின்றது. அணியுந்தோறும் அடியான் தன் ஆட்பாட்டைப் புதுப்பிக்கின்றான். நேற்று அணிந்த நீறு இன்றைக்கு ஆகாது. பச்சையோ ஒருநாள் குத்தியது. பின்னர் மறந்திருப்பினும் அது மறையாது. ஆகவே நீறு அன்பைப் பயிற்றும்; பச்சை அன்பு ஒருகால் இருந்தமையைச் சொல்லும். அழிவதே நாடோறும் உயிர்க்கின்றது என்பதும், அழியாதது உயிரின்றியும் நிற்கக்கூடும் என்பதும் இவ்விரண்டன் வேறுபாடு.

இனி, பச்சை உடன்வரும் என்னும் நாட்டு வழக்கும் சித்தாந்தத்தோடு ஒருவாறு ஒத்து நோக்கத்தக்கது. குறி கிடப்பது தூல உடம்பின்கண். அது ஈமத்தில் எரியோடு முடியும். உயிரோடு செல்வது புரியட்டகமாகிய நுண்ணுடம்பும், அதுபற்றிய இருவினையுமே. ஆயினும் அந்த மூதாட்டியர் கருதியதும் முற்றும் பிழையன்று. உடன்வருவது ஒன்று உண்டு, அது பொன்னும் பொருளும் அன்று என்னும் மெய்ம்மையை அவர் உணர்ந்திருந்தனர். உணர்ந்ததற்குத் தம் கையிலிருந்த கோலத்தைச் சான்றாகக் காட்டினர்.

இக்காலத்துத் தேர்வு

நியூயார்க்கு நகரத்தவராகிய சாமுவேல் ஓரைலி என்பார் எடிசனின் மின்பேனாவைத் தழுவி 1891-இற் பச்சை குத்தும் மின்பொறிக்கு உரிமைச்சீட்டுப் பெற்றனர். அவ்வகைப் பொறி பல திருத்தங்களுடன் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. சென்னையிற் குறத்தியரின் இடத்தை ஓவியப் பயிற்சி பெற்ற தொழிலாளர் பெற்றுள்ளனர். கோலமும் தேளும் போய், ஆயிரக்கணக்கான உருக்களுள் விரும்பியதைத் தேரும் நிலை வந்துள்ளது. மரபு தந்ததை ஏற்ற பாட்டியர்க்குத் தேர்வு இல்லை. பெயரர்க்குத் தேர்வே பெரும் பாரமாயிற்று.

அவர் தேர்வனவற்றைத் தொகுத்து நோக்கின் சில வகையே காணப்படும். இறந்த தந்தை தாயர் பெயரும் முகமும் ஒரு வகை. காதலர் பெயரும் மக்கள் பெயரும் மற்றொரு வகை. கடந்து வந்த நோயையோ துயரையோ நினைவுறுத்தும் உருக்கள் பிறிதொரு வகை. தலைவர் உருவமும் கட்சிச் சின்னமும் வேறொரு வகை, 1972-இல் எம். ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய கட்சியின் தொண்டர் பலர் அதன் கொடியையும் இரட்டையிலையையும் கையிற் பச்சை குத்திக்கொண்டமையைத் தமிழ்நாடு அறியும். இவற்றோடு சூலம், ஓங்காரம், திருவைந்தெழுத்து, கூத்தப்பெருமான் திருவுரு என்னும் இறைக்குறிகளும் உள. அழகொன்றே கருதிக் கொள்வாரும் பலர். அவரை நீக்கிப் பார்ப்பின், ஏனையோர் அனைவரும் நான் யாருடையேன் என்னும் ஒரே வினாவுக்கு விடையையே மெய்யில் எழுதிக்கொள்கின்றனர். உருவைத் தேர்தல் உடையானைத் தேர்தலேயாம்.

ஈண்டே எச்சரிக்கை வேண்டப்படுகின்றது. காதல் முறிந்தபின் பெயரை அழிக்கவும், கட்சி மாறியபின் சின்னத்தை மறைக்கவும் முயல்வார் உளர். ஒளிக்கதிர் கொண்டு மையைச் சிதைத்து நீக்கும் முறை இந்நாளில் உண்டெனினும் அது பலமுறை செய்யவேண்டுவது; நோவும் செலவும் மிக்கது. மனிதரை உடையராகக் கொண்டார்க்கு இவ்விடர் உண்டு. திருக்காளத்தியில் அரண்மனை இலச்சினை அழிக்கப்பட்டதுபோல அரசக் குறிகளெல்லாம் ஒருநாள் அழிதற்குரியன.

சூலத்தை மெய்யிற் கொள்ள விரும்பும் இளைஞரோ தம்மை ஒன்று வினவிக்கொள்ளல் வேண்டும். பிறர் காணற்பொருட்டோ, தான் மறவாமைப்பொருட்டோ இது கொள்ளப்படுவது? பிறர் காணற்பொருட்டாயின் ஒருவரும் அறியாவாறு பெற்ற நாவுக்கரசரை அதற்குச் சான்று காட்டுதல் பொருந்தாது. மறவாமைப்பொருட்டாயின் அக்கருத்து இகழத்தக்கதன்று. தம் தோளை நோக்குந்தோறும் நாவுக்கரசர் உருகியவாறு தாமும் ஒருகணம் உருகுவாராயின் அக்குறி பயனுடைத்து. திருவுருவத்தையும் திருவைந்தெழுத்தையும் கொள்வார் காலிலும் இடைக்குக் கீழும் கொள்ளாமை மரபறிந்தார் ஒழுக்கம். முன்னரே கொண்டாரைக் குறை கூறி ஒதுக்குதலும் சைவர்க்கு அழகன்று. அழுக்ககற்றும் உவர்மண் உடலிற் படிந்து வெளுத்த வண்ணானைத் திருநீறு பூசிய அடியாரென நினைந்து யானையினின்றும் இழிந்து வணங்கினார் சேரமான் பெருமாள். அவர் வழிவந்தார், சூலங் கண்டவிடத்து உள்ளே அன்பு உண்டோ இலதோ என்று துருவாது கைகூப்புதலே முறை. உண்டா என்று வினவும் உரிமை அத்தோளை உடையானுக்கே உரியது.

திருமயிலையில் திருவுலாக் காண நின்ற அம்மாடவீதிக்கு மீண்டும் வருவோர், அங்கு உலாவரும் அறுபத்துமூவருள் ஒருவர் அம்மயிலையிலேயே பிறந்தவர் என்பதை நினைதல் வேண்டும். அவர் வாயிலார் நாயனார். கல்லாற் கோயில் எடுத்தாரல்லர். மெய்யிற் குறி கொண்டார் என்றும் கூறப்படவில்லை. மறவாமையையே கோயிலாகவும், உணர்வையே விளக்காகவும், ஆனந்தத்தையே திருமஞ்சனமாகவும், அன்பையே திருவமுதாகவும் கொண்டு நெடுநாள் அகத்தே பூசித்தார் என்று மட்டும் கூறப்படுகின்றது. அவர் செய்த பூசையை அயலார் அறிந்திலர். தோளிற் பொறி பெற்ற நாவுக்கரசரும், ஒரு பொறியும் பெறாத வாயிலாரும் அவ்வீதியில் ஒரே வரிசையில் எழுந்தருள்கின்றனர். மயிலைத் திருக்கோயிலில் நினைவு போற்றப்படும் பூம்பாவையாரும் ஈண்டு நினையத்தக்கார். அவர் உடம்பு எரிந்து என்பும் சாம்பருமாய்க் குடத்துட் கிடந்தது. உடம்பில் எக்குறி இருந்திருப்பினும் அது அவ்வெரியில் அழிந்திருக்கும். அவரை மீட்டது திருஞானசம்பந்தர் பெயர்சொல்லி அழைத்த அழைப்பே.

இவ்வீதியில் நின்று அவ்வரிசையைக் கும்பிடும் பாட்டியின் கையில் மங்கிய கோலம் ஒன்று. பெயரன் தோளிற் புதிய சூலம் ஒன்று. இருவர் நெற்றியிலும் அன்று காலை அணிந்த திருநீறு. மாலைக்குள் அது கலையும். நாளை மீண்டும் அணியப்படும்.

திருச்சிற்றம்பலம்.